யோங்ஹி பாக்-பான்: கொரிய இசையும் ஜெர்மானிய வகுப்பறையும்

1992-93 கல்வியாண்டில் கார்ல்ஸ்ரூஹே இசைக் கல்லூரியில் இசையமைப்புப் பாடம் நடத்த வருகைப் பேராசிரியராக வந்தவர் யோங்ஹி பாக்-பான். 1945 நவம்பர் 30 அன்று தென்கொரியாவின் சோங்ஜு நகரில் பிறந்தவர். கார்ல்ஸ்ரூஹேக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் கல்லூரியிலும் இதேபோல் வருகைப் பேராசிரியராக இருந்தார். கார்ல்ஸ்ரூஹேயில் அவர் கற்பித்த காலம் குறுகியது. ஆனாலும் ஜெர்மன் இசைக் கல்லூரிகளின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. மேற்கு ஜெர்மனியில் பெண்கள் பியானோவும் பாட்டும் கற்பித்தார்கள், வயலின் கற்பித்தார்கள். இசையை எழுதக் கற்றுத்தரும் நாற்காலி மட்டும் ஆண்களிடமே இருந்துவந்தது. கிராட்ஸ், கார்ல்ஸ்ரூஹே ஆகிய இரண்டு தற்காலிகப் பணிகளின் வழியாகவே அவர் 1994இல் பிரேமன் நகரில் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்குச் சென்றார்.

தமிழில் இசையமைப்பாளர் என்றதும் திரைப்படமே நினைவுக்கு வரும். பாக்-பானின் தொழில் வேறு. ஐரோப்பியச் செவ்வியல் மரபில் இசையமைப்பவர் ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு சுரத்தையும், அதன் நீளத்தையும், வலுவையும், தொடங்கும் விதத்தையும் தாளில் எழுதிவிடுவார். எண்பது தொண்ணூறு பேர் கொண்ட சிம்பொனி இசைக்குழு அந்தத் தாளைப் பார்த்து வாசிக்கும். பதினைந்து நிமிடப் படைப்பை எழுத ஓர் ஆண்டுகூட ஆகும். வானொலி நிலையங்கள், விழாக் குழுக்கள், நகராட்சிகள், அறக்கட்டளைகள் ஆகியவை பணம் கொடுத்து எழுதச் சொல்வதால்தான் இந்தத் தொழில் பிழைத்திருக்கிறது. ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் இந்த ஆதரவை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிகத் தாராளமாகத் தந்த பகுதி. பாடன்-பாடன் நகரில் ஸூட்வெஸ்ட்ஃபுங்க் வானொலியும் அதன் இசைக்குழுவும் இருந்தன. டோனாஎஷிங்கன் என்ற சிற்றூரில் புதிய இசைக்கான விழா நடந்தது. ஃபிரைபுர்க், கார்ல்ஸ்ரூஹே, ஸ்டுட்கார்ட் ஆகிய நகரங்களில் இசைக் கல்லூரிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடலாம். பாக்-பானின் முதல் இருபது ஜெர்மன் ஆண்டுகளின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் கழிந்தது.

கார்ல்ஸ்ரூஹே பழைய ஊர் இல்லை. 1715இல் பாடன்-டுர்லாக் மார்க்கிரேவ் கார்ல் வில்ஹெல்ம் தன் அரண்மனையை நடுவில் வைத்து, அதிலிருந்து 32 பாதைகள் கதிர்களாக விரியும்படி அமைத்த நகரம் அது. அரசவை இருந்ததால் அரசவை இசைக்குழுவும் இருந்தது. 1884இல் இசைப்பள்ளி தொடங்கப்பட்டது; இன்றைய கல்லூரியின் தொடக்கம் அதுவே. நகரின் கிழக்கில் உள்ள கோட்டஸாவ் மாளிகை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் எரிந்து, பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்தது. பின்னர் அதைத் திரும்ப எழுப்பி 1989இல் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். பாக்-பான் பாடம் நடத்த வந்தபோது கல்லூரி அந்த மாளிகைக்குக் குடிபெயர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

அங்கே இசையமைப்புத் துறையின் மையமாக இருந்தவர் வொல்ஃப்காங் ரீம். 1952இல் கார்ல்ஸ்ரூஹேயிலேயே பிறந்து, அங்கேயே படித்து, 1985இல் தன் ஆசிரியர் ஓய்கன் வெர்னர் ஃபெல்ட்டேயின் இடத்துக்கு வந்தவர். 2024இல் மறையும் வரை அந்த ஊரோடு பிணைந்திருந்தவர். ரீமும் பாக்-பானும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். ஸ்விட்சர்லாந்துக்காரரான கிளவுஸ் ஹூபரிடம் ஃபிரைபுர்கில் ரீம் 1973 முதல் 1976 வரை படித்தார். பாக்-பான் அங்கே வந்து சேர்ந்தது 1974இல். ரீமின் இசை உணர்ச்சி கொப்பளித்து ஓடுவது. நூற்றுக்கணக்கான படைப்புகளை அவர் எழுதினார். பாக்-பானோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில், ஒவ்வொரு சுரத்தையும் பலமுறை எடைபோட்டு எழுதியவர். ஒரே பயிற்சியிலிருந்து இவ்வளவு எதிரெதிரான இரண்டு கைகள் உருவானது ஹூபரின் கற்பிக்கும் முறைக்குப் பெரிய சான்று.

கார்ல்ஸ்ரூஹேக்கும் பெண் இசையமைப்பாளர்களுக்கும் அதற்கு முன்பே ஒரு நூற்றாண்டுத் தொடர்பு உண்டு. அது பெரும்பாலும் கதவுக்கு வெளியே நின்ற தொடர்பு. 1850இல் அருகிலுள்ள ராஸ்டாட்டில் பிறந்த லூயிஸ அடோல்ஃபா ல போ கார்ல்ஸ்ரூஹேயில் வளர்ந்து, அரசவை இசைத்தலைவர் வில்ஹெல்ம் கல்லிவோடாவிடம் பியானோ கற்றார். அரசவை இசைக்குழுவோடு மேடையேறினார். 1873இல் பாடன்-பாடனில் கிளாரா ஷூமனிடம் சில காலம் பயின்றார். பிறகு மியூனிக் சென்று, பெண்களை மாணவராக ஏற்காத யோசஃப் ரைன்பெர்கரிடம் தன் வயலின் சொனாட்டாவைக் காட்டித் தனி மாணவியாக இடம்பிடித்தார். செல்லோவுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதிய நான்கு படைப்புகள் 1882இல் ஹாம்பர்கில் நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்றன. போட்டியாளர் யார் என்று தெரியாமல் நடுவர்கள் தேர்ந்தெடுத்த படைப்புகள் அவை. சான்றிதழில் ‘திரு’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘செல்வி’ என்று எழுத வேண்டியிருந்தது. பின்னாளில் பெர்லினில் பேராசிரியர் பட்டத்துக்கு முயன்றபோது, பெண்களுக்கு அது தரப்படுவதில்லை என்ற பதிலே கிடைத்தது. இறுதி முப்பது ஆண்டுகளைப் பாடன்-பாடனில் கழித்து 1927இல் மறைந்தார். பெண் இசையமைப்பாளராக வாழ்ந்த வாழ்க்கையை 1910இல் தன் வரலாறாகவே எழுதி வெளியிட்டார். அடி வாங்கிய ஒவ்வொரு இடத்தையும் பெயரோடு பதிவுசெய்யும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

அவருக்கு அடுத்த தலைமுறையில் கார்ல்ஸ்ரூஹேயிலேயே பிறந்து அங்கேயே மறைந்தவர்கள் இருவர். கிளாரா ஃபைஸ்ட் (1872-1948) பெர்லினில் மாக்ஸ் ப்ரூஹிடம் படித்துவிட்டு ஊர் திரும்பிப் பாடல்களும் பியானோ இசையும் எழுதினார். மார்கரெட்ட ஷ்வைக்கெர்ட் (1887-1957) வயலின் வாசித்தார், பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதினார், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். இருவரும் பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்க்கையை நடத்தினார்கள். பெரிய இசைக்குழுவுக்கு எழுதும் வாய்ப்பு பெண்களுக்கு எளிதில் கிடைக்காத காலம் அது. வீட்டுக்கூடத்திலும் சிறு அரங்கிலும் பாடக்கூடிய தனிப்பாடலே அவர்களுக்குத் திறந்திருந்த வடிவம். ல போ பெர்லினில் கேட்டு மறுக்கப்பட்டதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அவர் பியானோ கற்ற ஊரின் கல்லூரியில் இசையமைப்பு கற்பிக்க ஒரு பெண் வந்தார். அவர் பாடன்காரரோ ஜெர்மானியரோ இல்லை, சோங்ஜுவிலிருந்து வந்தவர்.

பாக்-பான் பிறந்த 1945, கொரியா முப்பத்தைந்து ஆண்டு ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஆண்டு. அவருக்கு ஐந்து வயது நிரம்பும் முன் கொரியப் போர் வெடித்தது; 1953 வரை நீடித்தது. குடியேற்ற ஆட்சியில் பள்ளிகளில் புகுந்த மேற்கத்திய இசை, விடுதலைக்குப் பிறகு இன்னும் வேகமாகப் பரவியது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கொரிய மரபிசைக்கென ஒரு துறை 1959இல்தான் தொடங்கப்பட்டது. 1965இல் பாக்-பான் அங்கே சேர்ந்து படித்தது மேற்கத்திய முறை இசையமைப்பு. விவசாயிகளின் மேளமும், ஊர் ஊராகப் போய்க் கதை பாடும் பன்சோரி கலைஞர்களின் குரலும், ஷாமன் சடங்குகளின் தாளமும் அவர் வளர்ந்த வட்டாரத்தில் உயிரோடு இருந்தன. வகுப்பறைக்குள் அவற்றுக்கு இடமில்லை. காதில் ஒன்றும் பாடப்புத்தகத்தில் வேறொன்றுமாக வளர்ந்த தலைமுறை அது.

அக்காலத்தில் மேற்கு ஜெர்மனிக்கு வந்த கொரியர்களில் மிகப் பலர் உடலுழைப்புக்காக வந்தவர்கள். 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்கள் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைக்கும் வந்தார்கள். இசை படிக்க வந்தவர்கள் சிலரே. அந்தச் சிலருக்கும் முன்னோடி ஈசாங் யுன் (1917-1995). 1966இல் டோனாஎஷிங்கன் விழாவில் அரங்கேறிய ‘ரேயாக்’ என்ற இசைக்குழுப் படைப்பு அவரை உலகறியச் செய்தது. மறு ஆண்டே தென்கொரிய உளவுத்துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்து கடத்திச் சென்று, வடகொரியாவின் ஒற்றர் என்று குற்றம்சாட்டிச் சிறையில் அடைத்தது. ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன், லிகெட்டி உட்பட இருநூறு கலைஞர்கள் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்த பிறகு 1969இல் விடுதலையானார். ஜெர்மனியில் இசை எழுதும் கொரியருக்குத் தாய்நாட்டு அரசியல் தொலைவில் நடக்கும் செய்தி இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்திவிட்டது.

பாக்-பான் 1974இல் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவித்தொகையோடு ஃபிரைபுர்க் வந்தார். இசையமைப்பை ஹூபரிடமும், படைப்புகளைப் பகுத்தாராயும் முறையை ஆங்கிலேயரான ப்ரையன் ஃபெர்னிஹோவிடமும், இசைக் கோட்பாட்டைப் பீட்டர் ஃபோர்டிகிடமும், பியானோவை ஈடித் பிஹ்ட்-ஆக்ஸன்ஃபெல்டிடமும் கற்று 1979இல் படிப்பை முடித்தார். ஃபெர்னிஹோவின் இசை, வாசிப்பவர் திணறும் அளவுக்குச் சிக்கலானது. ஹூபரோ இறைநம்பிக்கையும் சமூக நீதியும் இசையிலிருந்து பிரிக்க முடியாதவை என்று கருதியவர். பாக்-பானின் எழுத்தில் நுணுக்கம் முதலாமவரையும் மனச்சாட்சி இரண்டாமவரையும் நினைவூட்டுகிறது என்று சொல்லலாம். ஹூபர் பின்னர் அவரது கணவரானார், 2017இல் மறைந்தார்.

ஃபிரைபுர்கில் எழுதிய முதல் படைப்புகளில் ஒன்று 1975இல் தனிப் புல்லாங்குழலுக்காக எழுதிய ‘ட்ரைஸாம்-நோரே’. ஃபிரைபுர்க் நகருக்குள் ஓடும் ட்ரைஸாம் ஆற்றின் பாட்டு. கொரியாவின் பெரிய மூங்கில் குழலான தேகுமில் ஒரு துளையை நாணல் சவ்வு மூடியிருக்கும். ஓங்கி ஊதினால் அந்தச் சவ்வு அதிர்ந்து ஒலி கரகரக்கும். ஒரே சுரத்தை நீட்டி, அசைத்து, மேலே தள்ளி, வளைத்துக் கீழே விடுவது அந்த வாத்தியத்தின் உயிர். ஐரோப்பியப் புல்லாங்குழலில் சவ்வும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. ஆகவே மூச்சின் அழுத்தம், உதட்டின் கோணம், விரலின் வழுக்கல் எல்லாவற்றையும் குறியீடுகளால் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் தேவை உடனே விளங்கும்: கமகத்தை நீக்கிவிட்டுத் தோடியை வெறும் சுரங்களாக எழுதினால் என்ன மிஞ்சுமோ, அதுவே கொரிய இசைக்கும் மிஞ்சும். பாக்-பானின் பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றிலும் தொடரும் பிரச்சினை இது. தாளில் எழுதப்படாததையே அடிப்படையாகக் கொண்ட ஒரு மரபை, தாளில் எழுதியதை மட்டுமே வாசிக்கும் கலைஞர்களிடம் எப்படி ஒப்படைப்பது?

1977இல் எழுதிய ‘மன்-நம்’ அதற்கு அவர் கண்ட முதல் முழுமையான விடை. கிளாரினெட், வயலின், வயோலா, செல்லோ என நான்கு பேருக்கானது. சந்திப்பு என்பது தலைப்பின் பொருள். இரண்டு பண்பாடுகள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் அதிர்ச்சி அதில் கேட்கிறது. அதன் பின்னணியில் இருப்பது 16ஆம் நூற்றாண்டுக் கொரியக் கவிஞரும் ஓவியருமான ஷின் சாயிம்தாங், தாயைப் பிரிந்த ஏக்கத்தில் எழுதிய கவிதை. சாயிம்தாங் கொரியர் அனைவருக்கும் தெரிந்த முகம். 2009 முதல் ஐம்பதாயிரம் வொன் நோட்டில் அவர் படம் இருக்கிறது. நான்கு வாத்தியங்களும் தனித்தனி வழியில் போவதுபோல் தோன்றினாலும், அடியில் ஒரே கோட்டைத்தான் பற்றியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் அதை அசைத்துப் பார்க்கிறது. கொரிய அரசவை இசையில் குழலும் யாழும் நாகசுரம் போன்ற ‘பிரி’ வாத்தியமும் ஒரே மெட்டைச் சற்றே முன்பின்னாக, அவரவர் அணியோடு வாசிக்கும் முறையிலிருந்து வந்த உத்தி இது. 1978இல் ஸ்விட்சர்லாந்தின் போஸ்வில் இசையமைப்பாளர் கருத்தரங்கில் பாக்-பானுக்கு முதல் பரிசு கிடைத்தது. 1979இல் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய இசையமைப்பாளர் மேடையிலும் பாராட்டு பெற்றார்.

அடுத்த ஆண்டு டோனாஎஷிங்கன். தன்யூப் நதி பிறக்கும் இடம் என்று சொல்லப்படும் அந்த ஊரில் 1921இல் ஃபுர்ஸ்டன்பெர்க் இளவரசக் குடும்பத்தின் ஆதரவில் தொடங்கிய விழா, 1950 முதல் ஸூட்வெஸ்ட்ஃபுங்க் வானொலியின் துணையோடு உலகின் புதிய இசைக்கு முக்கியமான மேடையாக வளர்ந்திருந்தது. மெஸ்ஸியான், ஸ்டாக்ஹவுசன், பூலே, லிகெட்டி எல்லோரும் அங்கே அரங்கேறியவர்கள். ரீம் 1974இல் இருபத்திரண்டு வயதில் பெயர் பெற்றதும் அங்கேதான். 1980 அக்டோபரில் பாக்-பானின் ‘சோரி’ அங்கே அரங்கேறியது. அந்த விழா இசைக்குழுப் படைப்பொன்றை எழுதித்தரச் சொன்ன முதல் பெண் அவர். விழா தொடங்கி ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘சோரி’ எழுதப்பட்ட மாதங்களில் கொரியாவில் நடந்தவற்றை மறந்துவிட்டு அந்தப் படைப்பைக் கேட்க முடியாது. 1979 அக்டோபரில் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் ராணுவத் தளபதிகள் அதிகாரத்தைப் பிடித்தார்கள். 1980 மே 18 முதல் 27 வரை குவாங்ஜூ நகரில் மக்கள் எழுச்சி. மாணவர்களையும் தொழிலாளர்களையும் ராணுவம் சுட்டுத் தள்ளியது. உள்நாட்டுப் பத்திரிகைகள் தணிக்கையில் வாயடைத்துக் கிடந்தபோது, ஜெர்மன் தொலைக்காட்சி செய்தியாளர் ஒருவர் எடுத்த படச்சுருள் வழியாகவே உலகம் அதைக் கண்டது. ‘சோரி’யில் பெரிய இசைக்குழுவின் தாளவாத்தியங்கள் கொரிய விவசாயிகளின் மேளக்குழுவை நினைவூட்டுகின்றன. சிறிதும் பெரிதுமான வெண்கலச் சேகண்டிகளும் தோல் மேளங்களும் கொண்டு, நடவுக்கும் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கப்பட்ட மேளம் அது. 1970களிலும் 80களிலும் சியோல் மாணவர் போராட்டங்களில் தெருவுக்கு வந்ததும் அதே மேளம்தான். நாட்டுப்புற மெட்டை எடுத்து இசைக்குழுவுக்குப் போர்த்தும் வேலையை பாக்-பான் செய்யவில்லை. மெட்டுக்கு அடியில் இருக்கும் மூச்சு, இழுவை, தட்டும் கையின் எடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முற்றிலும் புதிய ஒலியைக் கட்டினார். 1981இல் பன்னிரண்டு பேருக்காக எழுதிய ‘மாடி’, 1987இல் மீண்டும் டோனாஎஷிங்கனில் அரங்கேறிய ‘நிம்’ ஆகியவை இதே வழியில் மேலும் சென்றன.

அவர் கையாண்ட முறையில் ‘தாய்ச் சுரக்கொத்து’ என்று அவரே அழைத்த ஒன்று உண்டு. சில சுரங்களைச் சேர்த்து முதலில் ஓர் அடிப்படைக் கொத்தை அமைப்பார். படைப்பு முழுவதிலும் வரும் சுரங்கள் அதிலிருந்து பிறந்து, கிளைத்து, மீண்டும் அதைத் தொடும். மேற்கத்திய இசையின் இருபதாம் நூற்றாண்டுக் கணக்கு முறைகளை ஃபிரைபுர்கில் அவர் நன்றாகவே கற்றிருந்தார். ஆனால் எல்லாச் சுரங்களையும் சமமாக்கிச் சுழற்றும் வரிசை முறை அவருக்குப் போதவில்லை. ஒரு சுரத்தை மையமாக நிறுத்தி அதைச் சுற்றி மற்றவை உயிர் பெறுவது கொரியக் காது எதிர்பார்ப்பது. தாய்ச் சுரக்கொத்து அந்த மையத்தை வேறு வழியில் மீட்டுத்தந்தது.

1983, ஹிட்லர் ஆட்சியைப் பிடித்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த ஆண்டு. அதையொட்டி பெர்லினுக்காக அவர் எழுதியது ‘ஃப்ளாமன்ட்ஸைஹன்’. இசைக்குழு கிடையாது, ஒரே ஒரு பெண் பாடுகிறார், சிறு தாளவாத்தியங்களையும் அவரே தட்டுகிறார். பாடுவது ‘வெள்ளை ரோஜா’ குழுவின் துண்டறிக்கைகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் எடுத்த வாசகங்கள். நாஜி ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்ததற்காக மியூனிக் பல்கலைக்கழக மாணவர்கள் ஹான்ஸ் ஷோலும் அவர் தங்கை சோஃபி ஷோலும் 1943 பிப்ரவரி 22 அன்று தலை வெட்டப்பட்டார்கள். குவாங்ஜூ நடந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில் கொரியப் பெண் ஒருவர் ஜெர்மன் மாணவர்களின் எதிர்ப்பை எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. பன்சோரி மேடையிலும் ஒரு பாடகர், ஒரு மேளம், அவ்வளவே. பாட்டு, பேச்சு, முணுமுணுப்பு, கூவல் எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வரும். அந்த வடிவத்தின் கடுமை ஜெர்மன் சொற்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ‘ஃப்ளாமன்ட்ஸைஹன்’ காட்டுகிறது. அவருடைய படைப்புகளில் முதன்முறையாகக் கேட்பவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

1985இல் ஆறு பெண் குரல்களுக்காக ‘ஹின்-நுன்’ வந்தது. 1988-89இல் எழுதிய ‘ஹ்வாங்-தோ’வில் சேர்ந்திசைக் குரல்களும் ஒன்பது வாத்தியங்களும் சேர்ந்து கிம் ஜி-ஹாவின் கவிதையை எடுத்துக்கொள்கின்றன. 1974இல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, பின்பு ஆயுளாகக் குறைத்து, அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியைச் சிறையில் கழிக்க வைத்த கவிஞர் கிம் ஜி-ஹா. மஞ்சள் மண் என்ற பொருள்படும் தலைப்பு 1970இல் வந்த அவரது முதல் தொகுப்பின் தலைப்பே. 1987இலிருந்து ‘தா-ர்யோங்’ என்ற வரிசையும் தொடர்ந்தது.

இவ்வளவும் முடிந்த பின்புதான் பாக்-பான் கார்ல்ஸ்ரூஹே வகுப்பறைக்கு வந்தார். ‘ஊ-முல்’ என்ற படைப்பு 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிணறு என்று பொருள். அதே காலத்தில் கார்ல்ஸ்ரூஹே இசையுலகில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. கலைக்கும் ஊடகத் தொழில்நுட்பத்துக்குமான மையம் 1989இல் நிறுவப்பட்டு, 1997இல் பழைய ஆயுதத் தொழிற்சாலைக் கட்டடத்தில் திறக்கப்பட்டது; கணினி இசைக்கான கூடங்கள் அதில் வந்தன. கையால் தாளில் எழுதும் பாக்-பானின் வழிக்கு இது நேர் எதிர்த் திசை. ஒரே நகரம் இரண்டையும் வளர்த்தது அந்த நகரத்தின் பெருமை.

1994இல் பிரேமன் கலைக் கல்லூரியில் இசையமைப்புப் பேராசிரியரானார். ஜெர்மனியில் இந்தப் பதவியை வகித்த முதல் பெண் இவரே என்று பல கைநூல்கள் எழுதுகின்றன. இதைச் சற்றே திருத்திச் சொல்ல வேண்டும். கிழக்கு பெர்லினின் ஹான்ஸ் ஐஸ்லர் கல்லூரியில் ரூத் ட்செக்லின் அதற்கு முன்பே இசையமைப்பு கற்பிக்கும் பேராசிரியராக இருந்தார். கிழக்கு ஜெர்மனியில் திறந்த கதவு மேற்கில் திறக்கப் பத்தாண்டு கூடுதலாகப் பிடித்தது; மேற்கில் அதைத் திறந்தவர் பாக்-பான் என்று கொள்வதே சரி. பிரேமனில் புதிய இசைக்கென ஒரு பட்டறையை நிறுவி, ஓய்வு பெற்ற 2011 வரை நடத்தினார். ஈரானிலிருந்து வந்த எல்னாஸ் செயேதி, ஃபர்ஸியா ஃபல்லா ஆகியோர் அவரிடம் படித்து இன்று ஐரோப்பிய மேடைகளில் வலம்வருகிறார்கள். தம் மண்ணின் இசையை ஒளித்துவைக்காமலும் விற்பனைச் சரக்காக்காமலும் எழுதுவது எப்படி என்ற கேள்வியோடு வந்த மாணவர்களுக்கு, அதே கேள்வியோடு இருபது ஆண்டுகள் உழைத்த ஆசிரியர் கிடைத்தார்.

பெண் இசையமைப்பாளர்களுக்கென ஹைடல்பெர்க் நகரம் வழங்கும் விருது 1995இல் அவருக்குக் கிடைத்தது. 2006 ஜூலையில் ஸ்டுட்கார்ட் அரசு ஆபெரா அரங்கில் ‘மோண்ட்ஷாட்டன்’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. சோஃபக்ளிஸின் முதுமை நாடகமான ‘கொலோனஸில் ஈடிபஸ்’ அதன் அடிப்படை. கண்ணிழந்து, நாடுகடத்தப்பட்டு, மகளின் கைபிடித்து அலைந்த முதியவர் அந்நிய மண்ணில் சாக இடம் கேட்கும் கதை. அதோடு கொரியாவில் பிறந்து ஜெர்மனில் எழுதும் மெய்யியலாளர் பியுங்-சுல் ஹானின் வாசகங்களும் சேர்கின்றன. ஹானும் பின்னர் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தார். 2010 முதல் 2012 வரை அங்குள்ள வடிவமைப்புக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

பிற்காலத்தில் பாக்-பானின் இசையில் கத்தோலிக்க நம்பிக்கை வெளிப்படையாகவே பேசத் தொடங்கியது. கொரியாவின் இரண்டாவது கத்தோலிக்கக் குருவான தாமஸ் சோ யாங்-யோப் (1821-1861), ஒடுக்குமுறைக் காலத்தில் மறைந்து திரிந்தபடி தன் ஆசிரியர்களுக்கு லத்தீனில் கடிதங்கள் எழுதினார். ஊர் ஊராக மலைக்கிராமங்களில் ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளின் துயரத்தைச் சொல்பவை அவை. 2007இல் எழுதிய ‘விதே தோமினே’ என்ற சேர்ந்திசை அந்தக் கடிதங்களிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு கொரிய மரபு வாத்தியங்களுக்காகவும் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய வாத்தியங்களில் கொரிய ஒலியைத் தேடியவர், வந்த திசையிலேயே திரும்பி நின்று அந்த வாத்தியங்களுக்குப் புதிய இசை கொடுத்தார். ஆசிரியத் திறனும் அரசியல் துணிவும் பேசப்படும் அளவுக்கு இந்தப் படைப்புகள் பேசப்படவில்லை, அது குறைதான்.

2009இல் பெர்லின் கலை அகாதெமி அவரை உறுப்பினராகச் சேர்த்தது. 2011இல் பிரேமன் நகர அரசின் பதக்கம். 2020இல் பெர்லினின் பெரும் கலைப்பரிசு. மேடை நாடகம், ஓவியம், கட்டடம், இலக்கியம், இசை, திரைப்படம் என்று துறைகளை மாற்றி மாற்றி ஆண்டுதோறும் ஒருவருக்கு வழங்கப்படும் 15,000 யூரோ பரிசு.

இதற்கிடையே அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. 1961இல் சியோலில் பிறந்த உன்சுக் சின் 1985இல் ஹாம்பர்குக்கு வந்து லிகெட்டியிடம் படித்து, 1988 முதல் பெர்லினில் வாழ்கிறார். 2004இல் வயலின் கான்செர்ட்டோவுக்காக அமெரிக்காவின் கிராவெமெயர் விருதும், 2024இல் எர்ன்ஸ்ட் ஃபோன் சீமென்ஸ் இசைப் பரிசும் பெற்றவர். பாக்-பானைப் போலத் தன் இசையைக் கொரிய மரபின் தொடர்ச்சியாக அவர் முன்வைப்பதில்லை. கொரியாவிலிருந்து வந்த பெண் இசையமைப்பாளர் எந்த ஒலியையும் எழுதலாம், எதையும் விளக்க வேண்டியதில்லை என்ற உரிமையோடு அவர் எழுதுகிறார். ‘சோரி’ டோனாஎஷிங்கனில் அரங்கேறிய 1980இல் அந்த உரிமை எந்தக் கொரியப் பெண்ணுக்கும் கிடைத்திருக்கவில்லை.